மரை பொன்னையாவின் வேட்டை

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறும் ரோட்டில் மூச்சு வாங்க நடந்து போய், எதிரே வருகிறவரிடம் "பொன்னையா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் பொன்னையா?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். ஸ்டோர் பொன்னையா இருக்கிறார், பால்காரப் பொன்னையா இருக்கிறார், யாரிடமும் வாயே திறக்காத பொன்னையா ஒருவரும் இருக்கிறார். "மரை பொன்னையா" என்று மட்டும் சொன்னீர்களோ, கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். உங்கள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடாகிய தொங்கல் காம்பரா வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மரை என்பது மலைக்காட்டின் பெரிய மான். ஆளின் தோள் உயரத்துக்கு நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் காட்டை விட்டு இறங்கி, லயத்துக்காரர்கள் பாடுபட்டுப் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தியில் போஞ்சியையும் கோவாவையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். அதைத் தொட்டால் ஜெயில். சட்டம் அப்படி. தொட்டால் ஜெயில் என்று தெரிந்தும் தொடுகிற ஒருவன் நம் லயத்தில் இருக்கிறான் என்பதில் அந்த லயத்துக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் பொன்னையா என்று பெயர்.

வேலை என்று பார்த்தால் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையைச் சீவிவிடும் அந்த வேலையில் அவர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் வாரத்துக்கு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கக் கண்டாக்கு வருவதற்கு முந்தி ஒரு கொஞ்ச நேரம் இருக்கிறதே, அந்த நேரம் பொன்னையாவுடையது. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக ஜனங்கள் சுற்றி நிற்பார்கள். நடுவில் அவர் பீடியைப் பற்றவைப்பார். அது குடிப்பதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

"பொகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. என் மொகத்துல அடிக்குதா? அப்பன்னா மரை எனக்கு முன்னால நிக்கணும். முதுகுப் பக்கமிருந்து காத்து வந்துச்சுன்னா நீ கத்தியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். உன் வேர்வ வாடை உனக்கு முன்னால போயி, 'பொன்னையா வாறான், ஓடு'ன்னு சொல்லிப்புடும்."

பிறகு கால்தடம். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் இன்று போனது, இடிந்திருந்தால் நேற்றுப் போனது, அதில் பனித்தண்ணீர் தேங்கியிருந்தால் அதைப் பின்தொடர்கிறவன் மடையன். பிறகு நாய் வேட்டை. நாய் விரட்டினால் மரை மேட்டில் ஏறாது, ஆற்றைத் தேடித்தான் இறங்கும். இறங்கித் தண்ணீரில் நின்றுகொண்டு, நீந்தி வருகிற நாயை முன்னங்காலால் மிதிக்கும். ஆகவே புத்தியுள்ளவன் நாயின் பின்னால் ஓடமாட்டான், முன்கூட்டியே ஆற்றோரத்தில் போய்க் குந்திக்கொள்வான். கம்பிக் கண்ணி கட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பொன்னையாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். "அது வேட்டை இல்ல, களவு. மரைக்குக் கட்டுறான், சிறுத்தை மாட்டிக்கிட்டுச் சாவுது" என்று காறித் துப்புவார்.

காலத்துக்குத் தக்கபடி அவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் தவறவில்லை. மகள் கிருஷாந்தியின் போனில் அமெரிக்காக்காரர்கள் மான் வேட்டையாடும் வீடியோக்களை விழுந்து விழுந்து பார்ப்பார். "வெள்ளைக்காரன் மான் மூத்திரத்தைப் போத்தல்ல அடைச்சு விக்கிறான் தெரியுமா? அத மேலுல பூசிக்கிட்டா மனுச வாடை தெரியாதாம்" என்று பெரட்டில் அறிவித்தார். நம் ஊரில் அந்தப் போத்தல் கிடைக்காததால் ஆட்டு மூத்திரத்தில் சோதித்துப் பார்த்தார். மரை வரவில்லை. பக்கத்து லயத்துக் கிடா ஒன்று கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை அவரை விடாமல் துரத்தி வந்தது. அன்று பூரணி, அதாவது அவருடைய பெண்சாதி, அவர் பீலிக்கரையில் மூன்று தடவை குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள்.

இத்தனை சாஸ்திரம் தெரிந்த பொன்னையா தம் வாழ்நாளில் எத்தனை மரை அடித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை.

சத்தியமாக ஒன்றுகூட இல்லை. கத்தியோடு வேட்டைக்கென்று போனதே ஒரே ஒரு தடவைதான். கிருஷாந்தி கைக்குழந்தையாக இருந்த காலம். தீபாவளிக்கு முந்தின நாள், "நாளைக்கு எல்லாரும் மசாலா அரைச்சு வைங்க, மரையோட வாறேன்" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு, காட்டோரத்து மானாப்புல்லுக்குள் போய்க் குந்தினார். காற்று சரியாக இருந்தது, தடம் புதிதாக இருந்தது, எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. மரையும் வந்தது. ஆனால் முன்னால் வரவேண்டிய மரை முதுகுக்குப் பின்னால் வந்து, காதுக்குப் பக்கத்தில் நின்று, பயந்தால் போடுமே ஒரு சத்தம், லொறி ஹோர்ன் அடிக்கிற மாதிரி, அதைப் போட்டது. பொன்னையா எழுந்த வேகத்தில் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வெட்டியிருக்கும் கானுக்குள் தலைகுப்புற விழுந்தார். கூட வந்த நாய் அவருக்கு முந்தியே வீட்டுக்குப் போய் அடுப்பங்கரையில் படுத்திருந்தது.

அவர் கானுக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தார். லயத்தில் எல்லா வீட்டிலும் மசாலா அரைத்து வைத்திருப்பார்கள். வெறுங்கையோடு போனால் சாகும்வரை சிரிப்பார்கள். எழுந்தார், சேற்றைக் கழுவினார், தலவாக்கலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினார். டவுனில் இறைச்சிக்கடை திறந்ததும் முதல் ஆளாக நின்று மாட்டிறைச்சி வாங்கினார். அதைச் சேம்பு இலையில் சுற்றிச் சாக்கில் போட்டு, காட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தார். தோல் எங்கே, தலை எங்கே என்று கேட்டவர்களுக்கு, "அதயெல்லாம் லயத்துக்குக் கொண்டாந்து ஜெயிலுக்குப் போகச் சொல்றீங்களா? அங்கனயே பொதைச்சிட்டேன்" என்று பதில் சொன்னார்.

வேட்டை இறைச்சி என்றால் லயத்தில் ஒரு முறை உண்டு. அடித்தவன் மட்டும் தின்னக்கூடாது. ஒவ்வொரு காம்பராவுக்கும் பங்கு போகவேண்டும், வயதானவர்களுக்கு எலும்போடு போகவேண்டும். பொன்னையா முறை தவறாமல் பங்கு வைத்தார். அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும், கோயில் திருவிழா விரதம் முடிந்த மறுநாளும், பொன்னையா சாக்கோடு காட்டுப் பக்கம் போவார், தலவாக்கலை பஸ்ஸில் ஏறுவார், மரையோடு திரும்புவார். பூரணிக்கு அந்த முதல் தடவையே தெரிந்துவிட்டது. சட்டியில் போட்டு ஒரு கொதி வந்ததும் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இதில் பொன்னையாவின் நெஞ்சைக் குடைந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்த லயத்தில் மாட்டிறைச்சி கிடையாது. மாரியம்மன் கோயில் தலைவர் சின்னத்தம்பி அதில் மகா கண்டிப்பு. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், மாடு என்ற சொல்லைக்கூட வெள்ளிக்கிழமைகளில் "பால் குடுக்குறது" என்றுதான் சொல்வார். அந்தச் சின்னத்தம்பி பொன்னையாவின் மரையைச் சப்புக் கொட்டிச் சாப்பிட்டு, "நல்லி எலும்பு இன்னொண்ணு இருக்காப்பா?" என்று கேட்கிறபோதெல்லாம் பொன்னையா எலும்பு தேடுகிற பாவனையில் முகத்தைச் சட்டிக்குள் ஒளித்துக்கொள்வார். விஷயம் வெளியே வந்தால் லயமே சேர்ந்து தன் தோலை உரித்துவிடும் என்று உறுதியாக நம்பினார்.

இப்படி இருக்கையில்தான் கிருஷாந்திக்கு மாப்பிள்ளை வந்தான்.

அவள் நானுஓயாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். ரயிலில் போய் வரும்போது பழக்கமான பையன் தரணிதரன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பட்டிப்பொலயில் அரசாங்க உத்தியோகம். பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொன்னையா சந்தோசத்தில் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அவரு வேலை செய்யிறது வனஜீவி ஒப்பீசுல. வேட்டைக்காரங்கள புடிக்கிறதுதான் அவரு வேலை. போன மாசம்கூட சொந்த சித்தப்பாவையே புடிச்சுக் கோட்டுல நிறுத்திட்டாரு. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மரையப் பத்தி வாயத் தொறக்காதீங்கப்பா. எனக்கு அவரு வேணும்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

பொன்னையாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உலகத்திலேயே மரை அடிக்காத வேட்டைக்காரன் அவர் ஒருவர்தான். ஆனாலும் மகளின் கண்ணீரைப் பார்த்து மனசு துடித்துப் போய்விட்டது. அந்த நிமிசமே கிளம்பி ஒவ்வொரு காம்பராவாகப் போய், "நாளைக்கு வேட்டப் பேச்சு வேணாம், பையன் வனஜீவி" என்று காதில் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த காம்பராக்காரி அம்மாக்கண்ணு வீடு மட்டும் பூட்டியிருந்தது. அவள் ஹட்டனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்தார்கள். தரணிதரன் பார்ப்பதற்கு அமைதியான பையன். அவன் அப்பா இராமையா நல்ல உடம்பு, நல்ல பேச்சு. லயத்து ஆட்கள் முன் திண்ணையான இஸ்தோப்பிலும் வாசலிலுமாக நின்றார்கள். சின்னத்தம்பிக்கு மரியாதையாக நாற்காலி போட்டிருந்தது. கிருஷாந்தி தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று பொன்னையா மூச்சுவிட்ட நேரத்தில், ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மாக்கண்ணு பையோடு நேரே உள்ளே நுழைந்தாள். நல்ல மனசுக்காரி. பெண் வீட்டுப் பெருமையை நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல ஆளில்லையே என்று நினைத்துவிட்டாள்.

"எங்க பொன்னையா அண்ணன சாதாரண ஆளுன்னு நெனைச்சுப்புடாதீங்க சம்பந்தி. இந்தப் பக்கத்துலயே அவர மாதிரி வேட்டைக்காரன் கெடையாது. வருசா வருசம் தீவாளிக்கு அண்ணன் கையால அடிச்ச மரை எறச்சிதான் இந்த லயத்துல. மாப்பிள்ளைக்கு மாமியா வீட்டுல சாப்பாட்டுக்குக் கொறையே இருக்காது!"

பூரணி கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். தரணிதரன் கோப்பையை மெதுவாக ஓரமாக நகர்த்தினான்.

"எத்தன வருசமா மாமா?" என்று மரியாதையாகக் கேட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடப் பொன்னையா தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

ஆமாம் என்றால் மகளின் வாழ்க்கை போச்சு. இல்லை என்றால் அத்தனை வருசமாகப் பங்கு வைத்த இறைச்சி என்ன என்ற கேள்வி வரும், சின்னத்தம்பி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். பொன்னையா திரையைப் பார்த்தார். அதன் ஓரத்தை மகளின் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. லயம் தோலை உரித்தால் உரித்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"தம்பி, நான் இதுவரைக்கும் ஒரு மரைகூட அடிச்சதில்ல. லயத்துக்குக் குடுத்தது மரை இல்ல. தலவாக்கல கடையில வாங்கின மாட்டெறச்சி."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தால் தரணிதரன் வருத்தத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. நாங்க புடிக்கிற எல்லாரும் மொதல்ல சொல்றதே இதத்தான். சட்டியில மரை கொதிச்சுக்கிட்டு இருக்கும், கேட்டா மாடும்பாங்க. மாட்ட மரைன்னு சொன்ன ஆள நான் இன்னும் பார்க்கல. யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா?"

பொன்னையாவுக்குத் தலை சுற்றியது. பொய் சொன்ன காலமெல்லாம் நம்பினார்கள், உயிரைக் கொடுத்து ஒரு உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறானே! கடையின் பெயரைச் சொன்னார். அந்தக் கடை இந்த வருசம்தான் மூடிப் போய் இப்போது அதே இடத்தில் போன் கடை இருக்கிறது என்று வாசலில் நின்ற ஒருவர் உதவி செய்வதாக நினைத்து எடுத்துக் கொடுத்தார். பூரணி முன்னால் வந்து, "நெசந்தான் தம்பி, நான் ஆக்கினவ, எனக்குத் தெரியாதா?" என்றாள். "பொஞ்சாதி புருசனுக்குச் சொல்ற சாட்சிய யாரும் எடுக்கமாட்டாங்க" என்று இராமையா வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து போவதற்கு அதுதான் அடையாளம். திரைக்குப் பின்னால் விசும்பல் கேட்டது.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. சின்னத்தம்பி எழுந்தார்.

"இருங்க சம்பந்தி. தம்பி, நான் இந்தத் தோட்டத்துக் கோயில் தலைவரு. நெத்தியில துண்ணூறு பூசிக்கிட்டுப் பொய் பேசமாட்டேன். அது மாடுதான்."

"ஐயா!" என்று அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்றான் தரணிதரன்.

"மொத வருசமே தெரியும். காட்டுல அடிச்ச எறச்சின்னா மொதப் பங்கு யாருக்கு? காட்டுக்குக் காவக்காரன் முனியாண்டிக்கு. ஈரல அறுத்து முனி கல்லுல வச்சு, அவரு எடுத்துக்கிட்ட பொறகுதான் மனுசன் வாயில வைக்கணும். வைக்காம தின்னவன அவரு சும்மா விடமாட்டாரு. இவன் என்னா பண்ணுவான் தெரியுமா? வீடு வீடா எறச்சி குடுப்பான், முனிக்கு மட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் சுருட்டும் வச்சுட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டு ஓடி வந்துருவான். ஒரு தடவகூட எறச்சி வைக்கல. மனுசங்கள ஏமாத்துவான் தம்பி, சாமிய ஏமாத்த அவனுக்குப் பயம். அது காட்டு எறச்சியா இருந்தா வைக்காம இருந்திருப்பானா?"

தரணிதரன் யோசித்தான். அவனும் தோட்டத்துப் பிள்ளை, முனியாண்டியின் கோபம் அவனுக்கும் தெரியும். அதற்குள் இராமையா உற்சாகமாகத் தொடையைத் தட்டினார்.

"வாஸ்தவம்! ஈரலு முனிக்குப் போயே ஆகணும். நாங்களும் அங்க நோட்டன்ல அப்பிடித்தான், மொத வெட்டுலயே ஈரல எடுத்து…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"கேள்விப்பட்டதுதான்" என்று சொல்லிவிட்டு இராமையா அவசரமாக ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு, "எனக்கும் தெரியும் தம்பி, மாடுதான்" என்றார். "எங்க வீட்டுலயும் தெரியும்" என்று ஒரு கிழவி சொன்னாள். ஒவ்வொருவராக முன்னால் வந்து, அத்தனை காலமும் வீட்டுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றை, ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக வாசலில் நின்று ஒப்புக்கொண்டார்கள். அம்மாக்கண்ணுகூட, "எனக்கும் லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள். தரணிதரன் அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். இராமையா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி, தட்டை மாற்றினார்கள்.

விருந்தாளிகள் போன பிறகு பொன்னையா இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு நல்லது நடந்துவிட்டது, அதில் மனசு குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்திருந்தது. சின்னத்தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா தலைவரே? மொதல்லருந்தேவா?"

"ம்."

"அப்ப பெரட்டுல நான் காத்து, தடம், ஆறுன்னு கத்திக்கிட்டு இருந்தப்ப, எல்லாரும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டா கேட்டீங்க?"

"யாருய்யா சிரிச்சது?" சின்னத்தம்பிக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "கோயில் தலைவரு நான் மாட்டெறச்சி திங்க முடியுமா? நீ மரையத் தொரத்தி, அது ஆத்துல எறங்கி, நீ கத்தியோட பாஞ்சு, அதெல்லாம் ஒண்ணு விடாமக் கேட்டாத்தான் எனக்கு ஒரு வாய் எறங்கும். கதையக் கொறைச்ச வருசம் எனக்குச் செரிக்கலய்யா."

பொன்னையா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார்.

"தீவாளி வருதே" என்றார் சின்னத்தம்பி. "மாப்பிள்ளைக்கு அன்னைக்கு டூட்டியான்னு மட்டும் கேட்டு வச்சுக்க."